வால்வு புதுசுதான், அடுப்பு யாருடையது?

எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், அபிராமம் கடைத்தெருவை ஒட்டி, உறவுக்காரப் பிள்ளை ஒருவர் மெஸ் நடத்துகிறார். எனக்கு மருமகன் முறை. காலையில் இட்லி, மதியம் சாப்பாடு. கல்யாண ஆர்டரும் எடுப்பார். இட்லி வேகவைக்க நீராவிக் கொதிகலன் ஒன்று வைத்திருக்கிறார். ஆளுயரத்துக்கு நிற்கும், அடியில் கேஸ் பர்னர், மேலே அழுத்தம் காட்டும் மீட்டர், பக்கத்தில் பித்தளை சேஃப்டி வால்வு. அதிலிருந்து குழாய் வழியாக இட்லிப் பெட்டிக்கு நீராவி போகும்.

போன மாதம் ஒரு நாள் காலை நடைப்பயிற்சி முடிந்து அங்கே காபி குடிக்க உட்கார்ந்தேன். அடுப்புச் சத்தம் வழக்கத்தைவிடப் பலமாக இருந்தது. எட்டிப் பார்த்தேன். ஒரு பர்னர் இருந்த இடத்தில் இரண்டு பர்னர்.

"என்ன மாப்ளே, அடுப்பு பெருசா இருக்கு?"

"முகூர்த்த மாசம் மாமா. ஒரு ஈடு எடுக்கவே நேரமாகுது. அதான் இன்னொரு பர்னர் வச்சுட்டேன். இப்ப பாதி நேரத்துல ஆவி வந்துருது."

"வால்வு?"

"அது புதுசு மாமா. போன வருசம்தான் மாத்துனேன். அரை இஞ்சு. நல்ல கம்பெனி."

மனுஷன் பொய் சொல்லவில்லை. வால்வு புதிதுதான், பளபளவென்று இருந்தது. ஆனால் எனக்குக் காபி இறங்கவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. அரசாங்கத்தில் எழுத்தராக இருந்தவனுக்கு வால்வைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு இடத்தில் கற்றது. ஒன்று பள்ளிக்கூடம். மற்றொன்று நான் செய்த ஒரு தவறு.

பள்ளிக்கூடத்திலிருந்து தொடங்குகிறேன். அப்பா காரைக்காலில் ஒரு கடையில் கணக்கு எழுதியதால் நான் அங்கே பிரெஞ்சு வழியில் படித்தேன் என்பது இந்தப் பக்கங்களைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பாடப்புத்தகத்தில் ஒரு பானையின் படம் உண்டு. கனமான இரும்புப் பானை, திருகி இறுக்கிய மூடி, மூடியில் சின்னத் துளை, துளையை அழுத்தி நிற்கும் ஒரு நெம்புகோல், அதன் நுனியில் தொங்கும் எடை. 'மர்மித் த பபேன்', அதாவது பபேனின் பானை என்று ஆசிரியர் சொல்லிக்கொடுத்தார். ஆங்கிலப் புத்தகங்களில் அவர் பெயர் டெனிஸ் பாப்பின். 1647-ல் புளுவா நகருக்குப் பக்கத்தில் பிறந்த பிரெஞ்சுக்காரர். 1679-ல் லண்டனில் ராயல் சொசைட்டியில் அந்தப் பானையைக் காட்டினார். எலும்பையும் குழைய வேகவைக்கும் பானை. 1682-ல் அந்தச் சங்கத்து அறிஞர்களுக்கு அதில் சமைத்து விருந்தே போட்டாராம். நம் வீட்டு குக்கரின் கொள்ளுத்தாத்தா அதுதான். பானை வெடிக்காமல் இருக்க அவர் வைத்த எடைதான் உலகத்து சேஃப்டி வால்வுகளுக்கெல்லாம் மூத்தது.

அந்தப் படத்தில் இரண்டு பொருள் இருந்ததை அப்போது நான் கவனிக்கவில்லை. ஒன்று எடை, இன்னொன்று துளை. நம்மில் பெரும்பாலோர் எடையை மட்டும் பார்க்கிறோம்.

வீட்டு குக்கரையே எடுத்துக்கொள்வோம். ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 கிலோ அழுத்தம் வந்ததும் ஆவி வெளியேற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆவி வரும் துளை 3 மில்லிமீட்டர் விட்டம் என்றால் அதன் பரப்பு சுமார் 7 சதுர மில்லிமீட்டர். அதன்மேல் ஏறக்குறைய 70 கிராம் எடை வைத்தால் போதும், சரியாக 1 கிலோ அழுத்தத்தில் எடை தூக்கும். இது எடையின் கணக்கு. எப்போது திறக்க வேண்டும் என்பதை எடை சொல்கிறது.

திறந்த பிறகு எவ்வளவு வெளியே போகும்? அதை எடை சொல்லாது, துளைதான் சொல்லும். அடியில் எரியும் தீ ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு ஆவி உண்டாக்குகிறதோ, அவ்வளவும் அந்தத் துளை வழியாகப் போயாக வேண்டும். போகவில்லை என்றால் எடை தூக்கியபடியே இருக்கும், விசில் அடித்தபடியே இருக்கும், உள்ளே அழுத்தமும் ஏறியபடியே இருக்கும். வால்வு வேலை செய்துகொண்டிருக்கும்போதே பாத்திரம் வெடிக்கலாம். இதுதான் பலருக்குப் புரியாத இடம். எனக்கும் நெடுநாள் புரியவில்லை.

இனி என் தவறு. நான் வேலை பார்த்த அலுவலகங்களில் ஒன்றில் கொதிகலன் கோப்புகள் வரும். ஆலைக்காரர் மனு, பழைய சான்றிதழ், ஆய்வுக் குறிப்பு எல்லாவற்றையும் அடுக்கி, குறிப்பெழுதி மேலே அனுப்புவது என் வேலை. ஒரு முறை ஒரு நெல் அவிக்கும் ஆலையின் கோப்பு வந்தது. மணிக்கு 1 டன் நீராவி தரும் பழைய கொதிகலன். தகடு தேய்ந்துபோனதால் 10 கிலோ அழுத்தத்தில் ஓடியதை 5 கிலோவாகக் குறைத்து ஓட்டச் சொல்லியிருந்தார்கள். ஆலைக்காரர் அதே வால்வை 5 கிலோவில் திறக்கும்படி திருகித் திருத்தி, அதற்கான சீட்டையும் இணைத்திருந்தார். எல்லாத் தாளும் ஒழுங்காக இருந்தது. அழுத்தம் குறைந்தால் ஆபத்தும் குறையும்தானே? 'வால்வு ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளது, மாற்றம் தேவையில்லை' என்று குறிப்பெழுதி அனுப்பிவிட்டேன்.

மறுநாள் அதிகாரி கூப்பிட்டார். திட்டவில்லை. ஒரு துண்டுத் தாளை எடுத்து, "இந்தக் கணக்கை நீங்களே போடுங்கள்" என்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேப்பியர் என்ற பொறியாளர் சோதித்துச் சொன்ன ஒரு விதியை அதில் எழுதினார். எளிமையாகச் சொன்னால் இவ்வளவுதான். வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்து உள்ளே எத்தனை கிலோ அழுத்தம் இருக்கிறதோ, அந்த ஒவ்வொரு கிலோவுக்கும், ஒரு சதுர மில்லிமீட்டர் துளை மணிக்குச் சுமார் அரை கிலோ நீராவியை வெளியே விடும்.

போட்டேன். 10 கிலோ அழுத்தத்தில், வால்வு முழுக்கத் திறக்கப் பத்து சதவீதம் கூட்டி 11, வளிமண்டலம் 1, ஆக 12. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு மணிக்கு 6 கிலோ. 1,000 கிலோ போக 167 சதுர மில்லிமீட்டர் வேண்டும். 15 மில்லிமீட்டர் விட்டம் போதும்.

5 கிலோ அழுத்தத்தில்? ஐந்தரையும் ஒன்றும் ஆறரை. ஒரு சதுர மில்லிமீட்டருக்கு மணிக்கு மூன்றேகால் கிலோதான். 308 சதுர மில்லிமீட்டர் வேண்டும். 20 மில்லிமீட்டர் விட்டம்.

பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். அழுத்தம் குறைந்தால் பெரிய வால்வு வேண்டும்! தீ அதே தீ, ஆவி அதே 1 டன். ஆனால் அதை வெளியே தள்ளும் விசை பாதியாகிவிட்டது. அப்படியானால் வாசல் அகலமாகத்தானே வேண்டும். "பாதுகாப்புக்காக அழுத்தத்தைக் குறைத்தோம். வால்வைப் பார்க்காமல் விட்டிருந்தால் அந்தப் பாதுகாப்பாலேயே ஆபத்து வந்திருக்கும்" என்றார் அவர். கோப்பு திரும்பிப் போனது, பெரிய வால்வு வந்தது, ஆலையில் ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் அந்த ஆலையில் கொதிகலனுக்கு முன்னால் நின்று உமி தள்ளும் ஆட்களை நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தத் துண்டுத் தாள் இன்னும் என் இரும்புப் பெட்டியில் இருக்கிறது.

அவர் சொல்லித்தந்ததைச் சுருக்கினால் நாலு கேள்விகள். வால்வு எந்த அழுத்தத்தில் திறக்க வேண்டும்? பாத்திரம் தாங்கும் அளவைத் தாண்டக்கூடாது. மிக மோசமான நேரத்தில் எவ்வளவு உள்ளே சேரும்? வழக்கமான நாள் கணக்குக்கு உதவாது. ஆவி போகும் குழாய் முழுக்க மூடியிருக்கிறது, தீ முழு வேகத்தில் எரிகிறது, அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். அவ்வளவையும் விடத் துளை போதுமா? வெளியே வருவது எங்கே போய் விழும்?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 1984 டிசம்பரில் போபாலில் விஷ வாயுத் தொட்டியின் சேஃப்டி வால்வு திறந்தது. தொட்டி வெடிக்கவில்லை. ஆனால் வெளியே வந்ததைக் கழுவி எடுக்க வேண்டிய அமைப்பும், எரித்துவிட வேண்டிய கோபுரமும் அன்றைக்கு உதவவில்லை. வாயு ஊருக்குள் போனது. மெஸ்ஸில் அந்த அளவு ஆபத்து இல்லைதான். ஆனாலும் வால்வின் வாய் சமையல்காரர் முகத்தைப் பார்த்து இருந்தால் அவருக்கு அதுதான் போபால்.

பெரிதாகவே வாங்கிப் போட்டுவிட்டால் என்ன என்றும் கேட்டேன். அதுவும் தப்பு என்றார். தேவைக்கு மிகப் பெரிய வால்வு திறந்த கணமே அழுத்தம் விழும், உடனே மூடும், மறுபடி ஏறும், மறுபடி திறக்கும். படபடவென்று அடித்துக்கொண்டே இருந்தால் உட்காரும் இடம் சிதைந்து எப்போதும் ஒழுகும். ஒழுகுகிறதே என்று யாராவது இறுக்கிவிடுவார்கள். அதோடு கதை முடிந்தது.

அப்படி இறுக்கிய கதைகள் பழையவை. 1803-ல் லண்டனுக்குப் பக்கத்தில் கிரீனிச்சில், ரிச்சர்ட் டிரெவிதிக் என்பவர் அமைத்த நீராவி எந்திரத்தின் கொதிகலன் வெடித்து ஆட்கள் இறந்தார்கள். காவலுக்கு விட்ட பையன் வால்வை அசையாமல் செய்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டான் என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு டிரெவிதிக் ஒரு வால்வை நம்பவில்லை, இரண்டு வைத்தார். தண்ணீர் வற்றினால் தானே உருகித் திறக்கும் ஈய அடைப்பும் வைத்தார். நம் குக்கர் மூடியில் எடைக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன சேஃப்டி வால்வு அந்த யோசனையின் வாரிசுதான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடித்தது, நமக்குப் புதிது என்று நினைக்க வேண்டாம். நம் ராமநாதபுரம் சீமை முழுக்க சேஃப்டி வால்வுகள்தான். கண்மாய்க்குக் கலுங்கு எதற்கு? மடை விவசாயத்துக்கு, கலுங்கு கரையைக் காப்பாற்ற. கலுங்கின் உயரம் எப்போது வழிய வேண்டும் என்று சொல்கிறது. அது குக்கரின் எடை. கலுங்கின் நீளம் எவ்வளவு வழியும் என்று சொல்கிறது. அது துளை.

அதற்கும் கணக்கு உண்டு. பொதுப்பணித்துறையில் இருந்த நண்பர் ஒருவர் காட்டித்தந்தார். 1884-ல் ரைவ்ஸ் என்ற பொறியாளர் அன்றைய சென்னை மாகாணத்துக்கென்று தந்த சூத்திரம். மழைநீர் வந்து சேரும் பரப்பைச் சதுர கிலோமீட்டரில் எடுத்து, அதை மூன்றில் இரண்டு மடியாக்கி, கடற்கரையிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் என்றால் 6.8-ஆல் பெருக்க வேண்டும். 8 சதுர கிலோமீட்டர் என்றால் 4 தடவை 6.8, அதாவது விநாடிக்கு 27 கன மீட்டர் வெள்ளம். கலுங்கின் மேல் அரை மீட்டருக்குச் சற்று மேலாக, 60 சென்டிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் வழியலாம் என்று விட்டால், ஒரு மீட்டர் நீளத்துக்கு விநாடிக்கு முக்கால் கன மீட்டர் போகும். ஆக 35 மீட்டர் நீளக் கலுங்கு வேண்டும். பாருங்கள், அதே நாலு கேள்விதான். எந்த மட்டத்தில், மோசமான மழையில் எவ்வளவு வரும், நீளம் போதுமா, வழிந்தது எந்த ஓடையில் போகும்.

நாமும் அந்தப் பையன் செய்ததைத்தான் செய்கிறோம். கலுங்குக் கல்லுக்கு இடையில் பலகையும் மண் மூட்டையும் வைத்துக் கூடுதலாக ஒரு சாண் தண்ணீர் பிடிப்போம். மழைக்காலம் முடிகிற நேரத்தில் அளவறிந்து செய்தால் அது நம் முன்னோர் வழக்கம்தான். ஐப்பசியில் செய்தால் கரைக்கு எமன். கலுங்கு ஓடையில் வீடும் கடையும் கட்டுவதோ வால்வின் வாயில் கட்டை அடிப்பது போல. ஒரு கண்மாய் உடைந்தால் அதன் தண்ணீர் கீழ்க் கண்மாய்க்கு ஒரே நேரத்தில் வரும். அந்தக் கலுங்கு அதற்காகக் கட்டியதல்ல.

மெஸ்ஸுக்குத் திரும்புவோம். மருமகனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு பர்னர் மணிக்கு 2 கிலோ கேஸ் எரிப்பதாகச் சொன்னார். ஒரு கிலோ கேஸின் சூடு வீணாகாமல் முழுக்கத் தண்ணீரில் இறங்கினால் சுமார் 20 கிலோ ஆவி. மோசமான நேரத்துக் கணக்கு என்பதால் முழுச் சூட்டையும்தான் எடுக்க வேண்டும். ஒரு பர்னருக்கு மணிக்கு 40 கிலோ ஆவி. இரண்டுக்கு 80. அவர் கொதிகலன் ஓடுவது ஏறக்குறைய 1 கிலோ அழுத்தத்தில். அந்த அழுத்தத்தில் நேப்பியர் கணக்குப்படி ஒரு சதுர மில்லிமீட்டருக்கு மணிக்குச் சுமார் 1 கிலோ. ஆக, ஒரு பர்னருக்கு 40 சதுர மில்லிமீட்டர், இரண்டு பர்னருக்கு 80.

"வால்வு அரை இஞ்சு மாமா, அவ்வளவு இருக்காதா?"

அரை இஞ்சு என்பது மரையின் அளவு. ஆவி போகும் துளையின் அளவு வேறு. கழற்றி வைத்திருந்த பழைய வால்வு அதே மாதிரிதான், எடுத்துவரச் சொல்லி உள்ளே அளந்தோம். 8 மில்லிமீட்டர். பரப்பு 50. அதுவும் வால்வின் தட்டு விட்டத்தில் கால் பங்கு, அதாவது 2 மில்லிமீட்டர் மேலே தூக்கினால்தான் முழுத் துளையும் பயன்படும். பல சின்ன வால்வுகள் அவ்வளவு தூக்குவதில்லை. ஒரு பர்னருக்கே இழுபறி. இரண்டு பர்னருக்குப் போதாது.

மருமகன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இத்தனை நாள் ஒண்ணும் ஆகலையே மாமா" என்றார்.

ஆகாததற்குக் காரணம் இட்லிப் பெட்டிக்குப் போகும் குழாய் திறந்திருந்தது. ஆவிக்கு அதுதான் வாசலாக இருந்தது. அந்தக் குழாயை மூடிவிட்டு, பர்னரை அணைக்க மறந்து, யாராவது சாமான் வாங்கப் போகிற அன்றைக்குத்தான் வால்வுக்கு வேலை. அந்த ஒரு நாளுக்காகத்தான் அது இருக்கிறது.

என் கருத்து இதுதான். சேஃப்டி வால்வு என்பது கொதிகலனின் உறுப்பு என்று நினைக்கிறோம். உண்மையில் அது அடுப்போடு சேர்ந்த பொருள். அடுப்பை மாற்றினால் வால்வைப் பார்க்க வேண்டும். அழுத்தத்தை மாற்றினால், குறைத்தாலும் சரி, வால்வைப் பார்க்க வேண்டும். 'புதுசா' என்று கேட்பது போதாது, 'போதுமா' என்று கேட்க வேண்டும்.

சட்டம் பார்த்துக்கொள்ளாதா என்றால், பெரிய கொதிகலன்களைப் பார்த்துக்கொள்கிறது. 1923-ல் வந்த கொதிகலன் சட்டம் நூறாண்டு ஓடியது, 2025-ல் புதிய சட்டம் வந்திருக்கிறது. குக்கருக்குக்கூட 2021 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் 25 லிட்டருக்கு உட்பட்ட, அல்லது 1 கிலோ அழுத்தத்துக்குக் குறைவாக வடிவமைத்த பாத்திரங்கள் கொதிகலன் சட்டத்துக்குள் வருவதில்லை. எல்லாச் சின்னப் பாத்திரத்தையும் சட்டத்துக்குள் கொண்டுவா என்று நான் சொல்ல மாட்டேன். கோப்புக் கட்டியவன் நான், அது எத்தனை மேசையில் தூங்கும் என்று எனக்குத் தெரியும். நான் கேட்பது சின்ன விஷயம். மெஸ், கல்யாண மண்டபம், எங்கே நீராவிக் கொதிகலன் இருந்தாலும் அதன்மேல் பெயிண்டில் இரண்டு எண் எழுதி வையுங்கள். தீ மணிக்கு எத்தனை கிலோ ஆவி உண்டாக்கும். வால்வு மணிக்கு எத்தனை கிலோ வெளியே விடும். இரண்டாவது எண் முதல் எண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். செய்தவரிடம் இந்த இரண்டு எண்ணையும் கேளுங்கள். சொல்லத் தெரியாதவரிடம் வாங்காதீர்கள். என்னுடையது தோராயக் கணக்குத்தான், சரியான கணக்கைப் போட வேண்டியவர் அவர்.

மருமகன் அன்றே இரண்டாவது பர்னரின் குழாயைக் கழற்றிவிட்டார். கொதிகலன் செய்து கொடுத்தவருக்குப் போனும் போட்டார். வரும் வாரம் பெரிய வால்வோடு ஆள் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். வால்வின் வாயிலிருந்து கூரைக்கு மேலே ஒரு குழாயும் கேட்டிருக்கிறோம். அதுவரை இட்லி கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். காத்திருக்கிறவர்கள் முணுமுணுக்கிறார்கள். என்னால்தான் தாமதம் என்று அவர்களுக்குத் தெரியாது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

ஐப்பசி வருகிறது. நடக்க முடிகிறவர்கள் ஒரு நாள் காலையில் உங்கள் கண்மாய்க் கலுங்கு வரை போய், கல்லுக்கு இடையில் என்ன அடைத்திருக்கிறது என்று பார்த்துவிட்டு வாருங்கள்.